ரோசி மயங்கவில்லை

என்னை ஏமாற்றினால் எனக்குப் பொறுக்காது. டீக்கடையில் ஆறின டீயைக் கொடுத்தால்கூடக் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். கொளஞ்சியப்பனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் செராமிக் யூனிட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்டவனை ஒரு காமிக்ஸ் புத்தகம் பதினாலு வருடம் ஏமாற்றியிருக்கிறது. சிரிக்காதீர்கள். எனக்கு இன்னும் தலை சுற்றுகிறது.

எமர்ஜென்சி முடிந்த மறு வருடம் அது. நான் சூளையில் சரக்கு அடுக்குகிற வேலையில் இருந்தேன். பக்கத்து ஷெட்டில் என் சிநேகிதன் ஜெயராஜ் வெந்த பொம்மைகளைப் பெட்டியில் வைத்துக் கட்டுவான். பொம்மைக்கும் பொம்மைக்கும் நடுவே வைக்கோல், அதற்கு மேல் கசக்கிய பழைய காகிதம். அப்போதுதான் ரயிலில் ஏறி இறங்கினாலும் கிளி மூக்கு உடையாமல் ஊர் போய்ச் சேரும். கடைவீதியில் இருந்த வாடகைப் புத்தகக் கடையை மூடிவிட்டார்கள். அந்த வாரம் எங்களுக்கு வந்த பழைய காகிதம் முழுக்க அந்தக் கடைச் சரக்கு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அந்தப் பக்கம் போனேன். ஜெயராஜ் ஒரு கிளியின் வாலில் சுற்ற ஒரு புத்தகத்தின் அட்டையைக் கிழிக்கப் போனான். அட்டையைப் பார்த்ததும் பாய்ந்துபோய்ப் பிடுங்கினேன்.

"டேய், கிளி! கிளி!" என்று அலறினான். கிளி விழுந்து உடைந்தது உண்மைதான். அதற்கு மேஸ்திரியிடம் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

'உப்புத் தீவின் கைதி.' கேப்டன் ரெக்ஸ்டனின் சாகசம். ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் கயிறுமாகக் கேப்டன் தொங்குகிறான், கீழே கடல். அட்டையின் ஓரம் செல்லரித்திருந்தது. என்ன இருந்தாலும் கேப்டன் ரெக்ஸ்டன் இல்லையா? அந்தக் கதை எனக்குத் தலைகீழாகத் தெரியும். ஆனால் ஒன்று, அந்தப் புத்தகத்தை நான் ஒரு நாளும் படித்தது கிடையாது. கேட்டதுதான்.

எனக்கு எட்டு வயது இருக்கும். அரிசிக்குக் கியூவில் நின்ற காலம். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அம்மா ராஜம்மாள் ஒரு சின்ன யூனிட்டில் பொம்மைக்குப் பிசிறு எடுப்பாள். அச்சிலிருந்து எடுத்த வேகாத பொம்மைக்கு இரண்டு பக்கமும் ஒட்டுக் கோடு தெரியும். அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். அக்கா விருத்தாம்பாள் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுக் காலையிலிருந்து அதே வேலைதான். நான் ஸ்கூல் விட்டு வந்ததும் ஸ்பாஞ்சு என் கைக்கு மாறும். அக்கா கை கழுவிக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட அச்சின் மேல் உட்கார்ந்து புத்தகத்தை விரிப்பாள்.

வாடகைக் கடைக்காரர் மகா கறார். எந்தப் பக்கத்திலாவது மண் விரல் பதிந்திருந்தால் அந்த வீட்டுக்கு அடுத்த புத்தகம் கிடையாது. எங்கள் தெருவில் மண் கை இல்லாத பிள்ளை எது? அதனால் எங்களுக்குள் ஒரு சட்டம். கை கழுவினவர் படிக்க வேண்டும், மண் கைக்காரர் கேட்க வேண்டும். நான் எட்டிப் பார்த்தால், "மண்ணு கைய தூர வைடா!" என்று அக்கா புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொள்வாள். நல்ல கட்டம் வந்தால் மட்டும் தூரத்திலிருந்து படத்தைத் திருப்பிக் காட்டுவாள்.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. ஆபத்தான இடமாகப் பார்த்து நிறுத்திவிடுவாள். கூரையைப் பார்ப்பாள், வளையலைத் திருப்பிக்கொண்டிருப்பாள். நான் "அப்புறம்?" என்று கேட்க வேண்டும். கேட்டால்தான் கதை நகரும். ஒரு தடவை வீம்புக்குக் கேட்காமல் இருந்து பார்த்தேன். அன்று கேப்டன் இருட்டும்வரை கயிற்றிலேயே தொங்கினான்.

எத்தனையோ கதை படித்தாள். எனக்குப் பிடித்தது உப்புத் தீவுதான். கேப்டனுக்காக இல்லை, ரோசிக்காக. கொள்ளைக்காரர்கள் ரோசியைத் தீவில் அடைத்து வைத்திருப்பார்கள். கேப்டன் காப்பாற்றப் போய் அவனும் மாட்டிக்கொள்வான். அந்த ரோசி என்ன சாமர்த்தியம் பண்ணுவாள் தெரியுமா? அடுப்புக்குப் பக்கத்தில் கிடக்கும் களிமண்ணை ஈரத்தோடு உருட்டி நெருப்பில் போட்டுவிடுவாள். உருண்டை டப்டப்பென்று வெடிக்கும். துப்பாக்கியோடு பட்டாளம் வந்துவிட்டது என்று கொள்ளைக்காரர்கள் ஓடுவார்கள். கேப்டனுக்குக் காலில் அடி; அவனைப் படகில் ஏற்றி, ரோசியே துடுப்புப் போட்டுக் கொண்டுவருவாள். கடைசியில், தன் வீட்டுக்குக் கூப்பிடும் கவர்னரை நேருக்கு நேர் பார்த்து, "எனக்கு உங்க வூடு வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கப்பலுக்கே திரும்பிவிடுவாள். "அப்புறம்?" என்று கேட்டேன். "அப்புறம் என்னா, கப்பல அவதான் ஓட்டுனா" என்றாள் அக்கா. அன்று நான் துடைத்த பொம்மைக்கெல்லாம் ரோசி என்றுதான் பெயர்.

நானே எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினபோது அந்தப் புத்தகம் கடையில் யார் கையிலோ போய் மாட்டியிருந்தது. பிறகு அக்காவுக்குக் கல்யாணம் ஆகிச் சேத்தியாத்தோப்புக்குப் போய்விட்டாள்.

இப்போது அவள் எங்களோடு இருந்தாள். அதுதான் எங்கள் வீட்டின் பிரச்சினை. மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு மஞ்சள் பையோடு, செருப்புக்கூட இல்லாமல் வந்து இறங்கினாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. மாமா ஆதிநாராயணன் நெல் வியாபாரம், கடன் கிடன் இல்லாத ஆள். அம்மா கேட்காத கேள்வி இல்லை.

"அவரு அடிச்சாராடி?"

"இல்ல."

"குடிக்கிறாரா?"

"இல்ல."

"வேற எவளாவது?"

"அதெல்லாம் இல்ல."

"பின்ன என்னாடி கொற?"

"சும்மாதான் வந்தேன்."

நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தவள், அம்மா வாயை மூடச் சொல்லிக் கும்பிட்டாலும் அடங்காதவள், இப்போது கேட்டதற்கு ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாதபோது எனக்குக் கோபம்தான் வரும். "நல்ல எடத்துல வாக்கப்பட்டும் இதுக்கு வாழத் தெரியல" என்று அவள் காதுபட நானே சொன்னேன்.

போன வாரம் மாமா வந்தார். சலவைச் சட்டை, நெற்றியில் விபூதி. ஒரு சத்தம் போடவில்லை. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது, இந்த மனுஷரை விட்டுவிட்டா வந்தாள் என்று.

"நான் ஒன்னும் கோவமா இல்ல அத்த," என்றார். "அவளா வந்தா. நானே வந்து கூட்டிட்டுப் போனா ஊர்ல என்னா பேசுவாங்க? பொறந்த வூட்டுலேர்ந்து மொறையா கொண்டாந்து வுடணும். மாப்ள, நீதான் இந்த வூட்டு ஆம்பள. ஞாயித்துக்கெழம நல்ல நாளு. கொண்டாந்து வுட்டுடு."

எங்கள் பக்கம் அப்படித்தான். கோபித்துக்கொண்டு வந்த பெண்ணை அண்ணனோ தம்பியோ வெற்றிலை பாக்கு, வாழைப்பழத்தோடு கூட்டிக்கொண்டுபோய் மாப்பிள்ளை கையில் ஒப்படைக்க வேண்டும். நீதான் இந்த வீட்டு ஆம்பளை என்று என்னை அதுவரை யாரும் சொன்னதில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சரிங்க மாமா" என்றேன்.

அக்கா டீ கொண்டுவந்தாள். மாமா அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு அம்மாவிடம், "பின்னாடி ரூமு செவுரு கொஞ்சம் இடிஞ்சி கெடக்குது. எலித் தொல்ல. இப்பதான் ஆளு வுட்டு சிமெண்ட்டு வச்சிப் பூசிக்கிட்டிருக்கேன்" என்றார். அக்கா டீயைத் தரையிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மரியாதை தெரியவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் வேலை முடிந்து, கை கால் கழுவிக்கொண்டு, நகக்கண்ணில்கூட மண் இல்லாமல் பார்த்துக்கொண்டு, கேண்டீன் பின்னால் உட்கார்ந்து பிரித்தேன். முதல் பக்கம் சரி. கப்பல் சரி. தீவு சரி. ரோசியைக் காணோம்.

கவர்னரின் மனைவி என்று ஒருத்தி இருந்தாள். வெள்ளைக் கவுன், கழுத்தில் சுருக்கு வைத்த துணி. அந்தக் கவுன் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அக்கா தூரத்திலிருந்து காட்டி, "பாரு, இவதான் ரோசி" என்ற அதே படம். ஆனால் ரோசி என்ற பெயர் எங்கேயும் இல்லை. அவளுக்குப் பெயரே இல்லை. புத்தகம் முழுக்க அவள் பேசுவதே மூன்று இடத்தில்தான். "ஆ! காப்பாற்றுங்கள்!" அப்புறம் ஒரு "ஐயோ!" கடைசியில் "நன்றி கேப்டன்!" அவ்வளவுதான். களிமண் இல்லை, வெடி இல்லை. அடுப்பு என்று ஒன்றே இல்லை. கேப்டன் சும்மா துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே உள்ளே போய், மயங்கிக் கிடப்பவளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வருகிறான். கேப்டன் காலில் ஒரு கீறல்கூட இல்லை. கடைசிப் படத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கவர்னரிடம், "உங்கள் மனைவியை ஒப்படைத்துவிட்டேன், கவர்னர் அவர்களே!" என்கிறான். "கேப்டன், நீர்தான் வீரர்!" என்று கவர்னர் மெடல் குத்துகிறார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு ஓரத்தில் நிற்கிறாள். அவளுக்கு முகம்கூட வரையவில்லை.

பக்கம் கிழிந்திருக்குமோ என்று பார்த்தேன். கிழியவில்லை, நம்பர் வரிசையாக இருந்தது. வேறு புத்தகமோ என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மறுபடி முதலிலிருந்து படித்தேன். படிக்கப் படிக்க ரோசி இன்னும் இல்லாமல் போனாள். பைத்தியம் பிடித்ததுபோல் இருந்தது. என் மண்டைக்குள் அத்தனை தெளிவாகத் துடுப்புப் போட்டவள் எங்கே போனாள்?

மறுநாள் காலை முதல் வேலையாக ஜெயராஜைப் பிடித்தேன். அவன் அப்பா ரயில்வேக்காரர், அவர்கள் வீட்டில் யாருக்கும் மண் கை கிடையாது. அதனால் சின்ன வயதில் எல்லாப் புத்தகத்தையும் அவனே படித்தவன்.

"ஜெயராஜி, உப்புத் தீவுல ரோசி எங்கடா?"

"எந்த ரோசி? எங்க சித்தி பொண்ணா?"

"டேய், வெளாடாத. கேப்டனக் காப்பாத்துவாளே, அவ!"

"கேப்டனயா? அவனை எவ காப்பாத்துனா? அவன்தான்டா எல்லாரயும் காப்பாத்துவான்."

"ஈரக் களிமண்ண உருட்டி நெருப்புல போட்டு, அது வெடிச்சி, கொள்ளக்காரனுங்க ஓடுவானுங்களே!"

ஜெயராஜ் கையிலிருந்த பொம்மையைப் பத்திரமாகக் கீழே வைத்தான். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஈரச் சரக்கு நெருப்புல வெடிக்கும்னு வெள்ளக்காரக் கப்பல்காரனுக்கு எப்பிடிடா தெரியும்? நம்ம யூனிட்டுல வந்து சூள அடுக்குனானா? சொன்னவங்க யாரோ நம்ம ஊரு ஆளுடா, மடையா!"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தினம் சூளை அடுக்குகிறவன் நான். காயாத சரக்கு ஒன்று உள்ளே போனால் வெடித்துப் பக்கத்துச் சரக்கையும் கெடுக்கும் என்று தொட்டுத் தொட்டுப் பார்த்து அடுக்குகிறவன். இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது எனக்கு அது தோன்றியிருக்க வேண்டாமா? எல்லாக் கடலிலும் எல்லாத் தீவிலும் எங்கள் ஊர்ச் சூளை இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆக, அக்கா இட்டுக்கட்டியிருக்கிறாள். எதற்கு? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல் புத்தகத்தை அவள் முன்னால் போட்டேன். அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதுல ரோசி எங்க இருக்கா? காட்டு."

அவள் அட்டையைப் பார்த்தாள். முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு களை வந்தது. கேப்டனின் தோளில் வெள்ளைக் கவுன் தொங்கும் படத்தில் விரலை வைத்தாள்.

"அதான் இருக்காளே."

"அது மயக்கம் போட்டுக் கெடக்குது!"

"மயக்கம்லாம் இல்ல. நடிக்கிறா."

"அச்சுல அப்பிடிப் போடலியே!"

"போட்டவன் கிட்டக்க இருந்து பாத்தானா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதனாலேயே இன்னும் கோபம் வந்தது. "பொய்யி பொய்யா சொல்லி என்னை ஏமாத்தியிருக்கியே! கடைசில அவளக் கவர்னர்கிட்டக் கொண்டுபோயி வுட்டுடுறான். நீ என்னாமோ கப்பல் ஓட்டுனான்னே?"

அவள் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தாள். களை போய்விட்டது.

"ஆமாம்," என்றாள். "அது எனக்குப் புடிக்கல."

"ஏன்?"

புத்தகத்தை மூடித் தன் மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு முறத்தை இழுத்தாள். கிளியை உடைத்துப் பிடுங்கின என் புத்தகம் அவள் பையில் போய்விட்டது. கேட்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். உள்ளேயிருந்து அம்மா, "ஞாயித்துக்கெழம எத்தன மணி பஸ்ஸுடா?" என்று குரல் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பழமலைநாதர் கோயிலில் கும்பிட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். ஒரு பையில் இரண்டு சீப்பு பூவன் பழம், வெற்றிலை பாக்கு, பூ. அதை நான் பிடித்துக்கொண்டேன். அக்கா மஞ்சள் பையோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். அம்மா வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பு அவள் காலைக் கடித்தது போலிருக்கிறது, கழற்றி வைத்துவிட்டாள்.

எனக்கு ஒரே கவலை, அந்த வீட்டு வாசலில் என்ன சொல்வது என்பதுதான். ஆம்பளை என்று ஒப்புக்கொண்டாயிற்று, உளறக் கூடாது. மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அக்காவக் கொண்டாந்து வுட்டுட்டேன் மாமா. அக்காவ ஒங்ககிட்ட ஒப்படச்சிட்டேன் மாமா. இரண்டாவது இன்னும் மரியாதையாக இருந்தது. மறுபடி சொன்னேன். அப்போதுதான் இதை எங்கேயோ படித்திருக்கிறோமே என்று உறைத்தது.

சேத்தியாத்தோப்பு பஸ் உள்ளே வந்து திரும்பியது. கூட்டம் பாய்ந்தது. அக்கா எழுந்து, செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். கொண்டை, ரவிக்கை முதுகு, சேலைத் தலைப்பு. முகம் தெரியவில்லை. அந்தக் கடைசிப் படம்தான் ஞாபகம் வந்தது. நாற்காலியில் கவர்னர், நடுவில் மெடலோடு நான், ஓரத்தில் இவள். மாமா அடிக்கவில்லை, குடிக்கவில்லை, எல்லாம் சரிதான். பிறகு ஏன் அந்தக் கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் இவள் முகம் அப்படிப் போனது? எனக்குப் புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை. மூன்று வாரமாக ஏன் வந்தாய், எப்போது போகிறாய் என்று மாற்றி மாற்றிக் கேட்டோம். இவளிடம் கதை கேட்கத் தெரிந்தவன் இந்த உலகத்தில் நான் ஒருத்தன்தான், நானாவது கதை கேட்கிறதுபோல் கேட்டேனா?

"அக்கா."

திரும்பினாள்.

"அப்புறம்?" என்றேன்.

"என்னா அப்புறம்?"

"அங்க. மாமா வூட்டுல. நீ சொல்லு. அப்புறம்?"

அவள் என்னையே பார்த்தாள். கேலி செய்கிறேனோ என்று பார்த்தாள் போலிருக்கிறது. பஸ்ஸில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். பெஞ்சில் மறுபடி உட்கார்ந்தாள். கூரையைப் பார்த்தாள். வளையலைத் திருப்பினாள்.

"அக்கம்பக்கத்துப் புள்ளைங்களுக்குக் கத சொல்லுவேன்," என்றாள். "அது அவருக்குப் புடிக்காது. பேசிப் பேசி ஒனக்கு வாயி நீண்டுபோச்சின்னு சொல்லுவாரு."

"அப்புறம்?"

"பின்னாடி நெல்லு மூட்ட போடுற ரூமு இருக்குது. ஒரு நாளு டவுனுக்குப் போறப்ப என்னை அதுல வுட்டு வெளியில பூட்டிட்டுப் போனாரு. வெளாட்டுக்குன்னாரு. சாயங்காலம் வந்து தொறந்துவுட்டு நல்லாத்தான் பேசுனாரு. முட்டாயி வாங்கியாந்திருந்தாரு."

"அப்புறம்?"

"அப்புறம் டவுனுக்குப் போறப்பல்லாம். ஒரு கொடம் தண்ணி, ஒரு தட்டுல சோறு. அடிக்கல. ஒரு வார்த்த வையல. இத போயி என்னான்னு சொல்றது? பூட்டிட்டுத்தானடி போனாரு, மாப்பிள்ளைக்கு ஒன் மேல அவ்ளோ உசுருன்னு அம்மா சொல்லும். நீயுந்தான் சொல்லுவ."

நான் சொல்லியிருப்பேன். பழப் பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"அப்புறம் எப்பிடி வெளியில வந்த?"

அக்கா செருப்புகளை ஒன்றோடொன்று தட்டித் தூசியை உதறினாள். அவள் குரல் மாறிவிட்டது. அந்தக் குரலை நான் கேட்டுப் பதினாலு வருடம் ஆகிறது.

"அது பழைய மண்ணு செவுரு. காஞ்ச மண்ணு தண்ணி பட்டா கொழஞ்சிடும், நமக்குத் தெரியாததா? குடிக்கிற தண்ணில பாதிய கதவு நெலகிட்ட ஊத்துவேன். ஊறுனதும் சீப்பால நோண்டுவேன். அவரு வர்ற நேரத்துக்கு மூட்டய இழுத்து மறச்சிடுவேன். அப்பிடியே கொஞ்சம் கொஞ்சமா. ஒரு நாளு நெல ஆடுச்சி. தள்ளுனேன், ஆளு நொழையிற சந்து வுட்டுச்சி. செருப்பு உள் வூட்டுல இருந்திச்சி, எடுக்க முடியல. கொடியில கெடந்த பைய எடுத்துக்கிட்டு நேரா பஸ்ஸுக்கு வந்துட்டேன்."

"மாமா எலின்னு சொன்னாரே!"

"எலின்னுதான் வெளியில சொல்லிக்கிறாரு." சிரித்தாள். நானும் சிரித்தேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. பிறகு அவள் சிரிப்பு நின்றது.

"இப்ப சிமெண்ட்டு பூசிட்டாராம்டா," என்றாள். "சிமெண்ட்டு கொழையாது."

கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "சேத்தியாத்தோப்பு! யோவ், வரியா இல்லியாய்யா?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அக்கா என்னைப் பார்க்காமல் புதுச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரல!" என்று கத்தினேன். தேவையில்லாமல் அவ்வளவு சத்தமாகக் கத்திவிட்டேன். ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. "போய்யா! நாங்க வரல!"

பஸ் போனது. அக்கா கொஞ்ச நேரம் அது போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் மடியிலிருந்த சீர்ப் பையில் கையை விட்டு, ஒரு பழத்தைப் பிய்த்து உரித்து, எனக்குப் பாதி கொடுத்தாள். மாப்பிள்ளை வீட்டுக்கென்று வாங்கின பழம். சீப்பில் ஒரு பழம் குறைந்தால் குற்றம் என்பார்கள். நாங்கள் அங்கேயே உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு தின்றோம்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் யாருடைய பாவாடைக்கோ நாடா கோத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் வெறுங்காலோடு வரும் அக்காவைப் பார்த்தாள், அப்புறம் பையில் மிச்சமிருந்த பழத்தைப் பார்த்தாள்.

"என்னாடா? கொண்டுபோயி வுடலியா? அவரு என்னா நெனைப்பாரு? ஊர்ல நாலு பேரு..."

"அம்மா, நிறுத்து," என்றேன். "போயி கைய கழுவிட்டு வந்து உக்காரு. அக்கா ஒன்னு சொல்லும். நடுவுல அடிச்சாரா குடிச்சாரான்னு கேக்காத. அது நிறுத்துற எடத்துல 'அப்புறம்'னு மட்டும் கேளு."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நாடாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய், தொட்டித் தண்ணீரில் முழங்கைவரை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.